நாயோடு ஒரு நாள் பயணம்: பழைய ஊர்கள், கடற்கரைகள், மலைப் பாதைகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு நாயை அழைத்துக்கொண்டு விடியலில் புறப்பட்டு, இரவுக்குள் திரும்பிவிடும் பயணங்களைப் பற்றித் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் நாய் வளர்ப்போர் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. நாய்க்கு எந்த இடம் ஏற்றது, எந்த இடம் ஏற்றதன்று, எங்கே சட்டம் தடுக்கிறது, எங்கே வெயில் தடுக்கிறது என்பவையே இவற்றுள் முதன்மையானவை.

நாயோடு செல்வதற்கு ஊரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

தனியாகவோ குடும்பத்தோடோ செல்லும்போது நாம் கோட்டை, கோயில், அருங்காட்சியகம் என்று பட்டியலிட்டு ஊரைத் தேர்ந்தெடுக்கிறோம். நாய் உடன் வரும் நாளில் அந்தப் பட்டியலில் பெரும்பகுதி பயனற்றுப் போகிறது, ஏனெனில் அவற்றுள் பெரும்பாலானவற்றின் வாயிலைக்கூட நாயால் தாண்ட முடியாது. ஆகவே, உள்ளே சென்று பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, தெருக்களில் நடப்பதே நிறைவு தரக்கூடிய ஊரா என்று கேட்க வேண்டும். நிழல் உள்ள தெருக்கள், காலையில் வண்டி நெரிசல் இல்லாத சாலைகள், வெளியிலிருந்தே கண்டு மகிழக்கூடிய கட்டடங்கள் ஆகிய மூன்றும் அமைந்த ஊர் நாய்க்கும் நமக்கும் பொருந்தும்.

தூரமும் முக்கியம். ஒரு வழிக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வண்டியில் இருக்க வேண்டிய இடத்தை ஒரு நாள் பயணத்துக்குத் தேர்ந்தெடுக்காமல் இருப்பது நல்லது. ஒரு நாளைக்கு ஓர் ஊர் என்பதே என் பரிந்துரை. மூன்று ஊர்களை அவசரமாகத் தொட்டு வருவதில் நாய்க்கு எந்த மகிழ்ச்சியும் இல்லை. ஒரே தெருவின் ஒவ்வொரு மூலையையும் நிதானமாக முகர்ந்து நடப்பதில்தான் அதற்கு அந்த ஊர் பிடிபடுகிறது.

மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்கும் ரதங்களுக்கும் நாயை உள்ளே அழைத்துச் செல்லலாமா?

செல்ல இயலாது. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களுக்குப் பொருந்தும் 1959ஆம் ஆண்டின் விதிகளில் எட்டாவது விதி, சின்னத்தின் பராமரிப்பைத் தவிர வேறு எதற்காகவும் எந்த விலங்கையும் உள்ளே கொண்டுவருவதைத் தடை செய்கிறது. செஞ்சிக் கோட்டை, சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டை போன்றவற்றுக்கும் இதே விதிதான். காவலாளியிடம் கெஞ்சிப் பார்க்கலாம் என்ற எண்ணத்தோடு நூறு கிலோமீட்டர் வண்டி ஓட்டிச் செல்வது வீண். அவர் அனுமதித்தால் அவருடைய வேலைக்கே சிக்கல் வரும்.

ஆயினும் மாமல்லபுரத்தை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. 1984இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற அந்த ஊரின் மிகச் சிறந்த சிற்பத் தொகுதியான அர்ச்சுனன் தபசு, சாலையோரத்திலேயே அமைந்திருப்பதால், நாயை வாரில் பிடித்தபடி வேலிக்கு வெளியே நின்றே யானைகளையும் தவம் செய்யும் பூனையையும் முழுமையாகப் பார்க்க முடியும். காலை ஏழு மணிக்கு முன் அங்கே கூட்டம் இராது. சிற்பக் கூடங்கள் இருக்கும் தெருக்களில் உளி ஓசை தொடங்குவதற்கு முன்பே ஒரு சுற்று நடந்துவிடலாம். கல்தூளும் சிதறிய கற்சில்லுகளும் நாயின் பாதத்தைக் கிழிக்கக்கூடும் என்பதால், பட்டறை வாசல்களைச் சற்று விலகிக் கடப்பது நலம்.

ரதங்களையும் கடற்கரைக் கோயிலையும் கட்டாயம் பார்க்க வேண்டும் என்போர், பெரியவர்கள் இருவராகச் சென்று, ஒருவர் நாயோடு வெளியே மர நிழலில் இருக்க மற்றவர் உள்ளே போய்வரும் முறையைப் பின்பற்றலாம். கடைக்காரரிடமோ ஆட்டோ ஓட்டுநரிடமோ நாயை ஒப்படைத்துவிட்டு உள்ளே செல்வது எவ்வளவு சிறிய நேரத்துக்கானாலும் கூடாது. உரிமையாளர் கண்ணில் படாத புதிய இடத்தில் சாதுவான நாயும் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடப் பார்க்கும்.

புதுச்சேரி நாய்க்கு ஏற்ற ஊரா?

இந்தப் பகுதியிலேயே மிகவும் ஏற்ற ஊர் அதுதான் என்று தயங்காமல் சொல்வேன். 1674இல் பிரெஞ்சுக்காரர்கள் நிலைகொண்ட இந்த ஊரின் நேர்கோட்டுத் தெருக்கள், நாயோடு நடப்பவருக்கென்றே வகுக்கப்பட்டவை என்று எண்ணத் தோன்றும். திரும்பும் இடமெல்லாம் முன்னால் வருவது என்ன என்பது தொலைவிலேயே தெரிந்துவிடுவதால், எதிரே தெருநாய்க் கூட்டமோ மாடோ இருந்தால் அடுத்த குறுக்குத் தெருவில் ஒதுங்கிக்கொள்ளலாம். 1761இல் ஆங்கிலேயர்கள் ஊரைத் தரைமட்டமாக்கிய பிறகு மீண்டும் எழுப்பப்பட்ட வீடுகளின் மஞ்சள் சுவர்கள், காகிதப்பூக் கொடிகள், உயர்ந்த வாயில்கள் எல்லாமே தெருவிலிருந்து பார்ப்பதற்குரியவை. அவற்றுக்கு நுழைவுச் சீட்டும் இல்லை, தடையும் இல்லை.

கடற்கரைச் சாலையில் மாலை முதல் மறுநாள் காலை வரை வண்டிகளை விடுவதில்லை. காந்தி சிலை, 1836இல் கட்டப்பட்ட பழைய கலங்கரை விளக்கம், பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம் ஆகியவற்றைக் கடந்து செல்லும் அந்தச் சாலையை விடியலில் நடந்து முடித்துவிட வேண்டும். மாலையில் அங்கே கூடும் கூட்டமும், பலூன்களும், தின்பண்டக் குப்பையும் பல நாய்களைப் பதற வைக்கும். பெரிய வாய்க்காலுக்கு மேற்கே உள்ள தமிழர் பகுதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள் என்பது வருத்தத்துக்குரியது. திண்ணையும் மரத்தூண்களும் தாழ்வாரமும் கொண்ட அந்த வீட்டு வரிசைகளுக்கு இடையே காலை நேரத்தில் நடப்பது, பிரெஞ்சுப் பகுதியில் நடப்பதைவிட எந்த வகையிலும் குறைந்ததன்று.

சென்னையிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் என்பதால், அதிகாலை நான்கு மணிக்குப் புறப்பட வேண்டியிருக்கும். விழுப்புரம், கடலூர் பகுதியினருக்கு இது எளிய பயணம்.

டெல்டா மாவட்டங்களிலும் மதுரைப் பக்கமும் இருப்போர் எங்கே செல்லலாம்?

மயிலாடுதுறை, கும்பகோணம் பகுதியினருக்குத் தரங்கம்பாடி. டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய டேன்ஸ்போர்க் கோட்டை மாநிலத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பதால் அதற்குள் நாயோடு செல்லும் எண்ணம் வேண்டாம். ஆனால் 1792ஆம் ஆண்டின் நகர வாயிலுக்குள் நுழைந்து, 1718இல் எழுப்பப்பட்ட புதிய எருசலேம் தேவாலயத்தைக் கடந்து, கடல் தெரியும் வரை அரசர் தெருவில் நடப்பது சிறு நேரத்தில் முடிகிற, மிக அமைதியான நடை. டேனிஷ்காரர்கள் 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுச் சென்ற அந்தச் சிற்றூரில் வண்டி நெரிசல் குறைவு என்பது நாய்க்குக் கிடைக்கும் பெரிய வசதி.

மதுரை, திருச்சிப் பகுதியினருக்குக் கானாடுகாத்தானும் அதைச் சுற்றியுள்ள செட்டிநாட்டு ஊர்களும் உள்ளன. முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் திறக்கும் அந்த மாளிகைகளின் நீண்ட மதில்கள் காலையிலும் மாலையிலும் ஒரு பக்கத்துக்கு நல்ல நிழல் தருகின்றன. நண்பகலில் அந்த நிழல் அடியோடு மறைந்துவிடும் என்பதையும், செம்மண் பூமியின் வெயில் கடுமையானது என்பதையும் மறக்கக் கூடாது.

பழைய ஊர்களின் தெருக்களில் நடக்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?

அங்கே வாழ்பவர்களுக்கு அது சுற்றுலாத் தலம் அன்று, வீட்டு வாசல். மார்கழி விடியலில் வாசலில் குனிந்து ஒருவர் அரைமணி நேரம் இட்ட கோலத்தின் மேல் நம் நாய் நடந்து செல்வதைப் போன்ற மரியாதைக் குறைவு வேறில்லை. ஆகையால் கோலம் இட்ட தெருக்களில் வாரைச் சுருக்கிப் பிடித்துத் தெருவின் நடுவே நடப்பது நலம். திண்ணையில் காலைத் தூக்க விடக்கூடாது. மீனவர் குப்பங்களில் மணலில் காயும் கருவாட்டையும் விரித்திருக்கும் வலைகளையும் சுற்றிக்கொண்டு போக வேண்டும். கோயிலின் மாட வீதியில் தேரோ சுவாமி புறப்பாடோ இருக்கும் நாளில் அந்தப் பக்கமே செல்லாதிருப்பது நல்லது. மலத்தை எடுத்துப் போடுவதற்குப் பழைய செய்தித்தாளும் பையும் எப்போதும் கையில் இருக்க வேண்டும். ஓர் ஊரில் நாயோடு வருபவர்களை வரவேற்பார்களா விரட்டுவார்களா என்பதை நமக்கு முன்னால் வந்து சென்றவர்களே தீர்மானித்துவிடுகிறார்கள்.

நாய்க்கு அஞ்சுவோர் பலர். குழந்தையோ முதியவரோ எதிரே வந்தால், ‘கடிக்காது’ என்று சொல்லிக்கொண்டே நெருங்குவதைவிட, நாமே ஒதுங்கி நின்று அவர்களைக் கடக்க விடுவதுதான் முறை. நாயைக் கவனக்குறைவாகக் கையாண்டு பிறர் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து விளைவிப்பது, நாட்டின் குற்றத் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ பெறத்தக்க குற்றம்.

கடற்கரையில் நாயை அவிழ்த்து விடலாமா?

சனவரி முதல் மே வரை எக்காரணம் கொண்டும் அவிழ்த்து விட வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். சோழமண்டலக் கரையில் பங்குனி ஆமைகள் சனவரி முதல் மார்ச் வரை இரவில் கரையேறி, மணலைத் தோண்டி, ஒரு குழிக்கு ஏறத்தாழ நூறு முட்டைகள் இடுகின்றன. ஒன்றரை மாதத்துக்குப் பிறகு குஞ்சுகள் வெளிவந்து கடலை நோக்கி நகர்கின்றன. மணலுக்கு அடியில் இருக்கும் முட்டையை நாய் எளிதில் மோப்பம் பிடித்துவிடும். நன்றாக உண்டு வளர்ந்த வீட்டு நாயும் விளையாட்டாகத் தோண்டுகையில் ஒரு கூடு முழுவதும் அழிந்து போகிறது. பங்குனி ஆமை, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்புக்குரியவற்றின் பட்டியலில், உள்ள உயிரினம். இந்த மாதங்களில் நாயோடு கடற்கரைக்குச் செல்வோர் சூரியன் நன்கு ஏறிய பின், ஈர மணலில் மட்டும், குட்டையான வாரில் பிடித்து நடக்கலாம்.

மற்ற மாதங்களிலும் அலைக்குள் விடுவதற்கு முன் எண்ணிப் பார்க்க வேண்டும். கோவளம் முதல் மாமல்லபுரம் வரையிலான கடல் இழுப்பு மிக்கது. நாய்க்கு நீந்தத் தெரியும் என்பது அந்த இழுப்பில் உதவாது. கடல் நீரைக் குடித்தால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும் என்பதால் நன்னீரை முன்பே கொடுத்துவிட வேண்டும். கரையொதுங்கிய மீன் எதையும் தின்ன விடக்கூடாது. குறிப்பாகப் பேத்தை மீனின் நஞ்சு மிகக் கொடியது, அதற்கு மாற்று மருந்தும் இல்லை. தூண்டில் முள், அறுந்த வலைத்துண்டு, ஜெல்லி மீன் ஆகியவையும் கவனத்துக்குரியவை.

மலையேற்றப் பாதைகளில், காட்டுக்குள் நாயை அழைத்துச் செல்லலாமா?

தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் ஆகியவற்றுக்குள் வளர்ப்பு நாய்க்கு அனுமதி இல்லை. முதுமலை, ஆனைமலை, களக்காடு முண்டந்துறை, கொடைக்கானல் சரணாலயம் ஆகியவற்றின் பாதைகளெல்லாம் இதில் அடங்கும். வனத்துறை நடத்தும் மலையேற்றங்களுக்கும் நாயோடு போகும் எண்ணம் வேண்டாம்.

இதைச் சிலர் தேவையற்ற கெடுபிடி என்று நினைக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. 1994இல் தான்சானியாவின் செரெங்கெட்டியில் ஏறத்தாழ ஆயிரம் சிங்கங்கள், அதாவது அங்கிருந்தவற்றுள் மூன்றில் ஒரு பங்கு, சுற்றுப்புற ஊர் நாய்களிடமிருந்து பரவிய கேனைன் டிஸ்டெம்பர் வைரஸால் மடிந்தன. குஜராத்தின் கிர் காட்டில் 2018இல் சில வாரங்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோதும், பரிசோதனையில் அதே வைரஸ் கண்டறியப்பட்டது. நம் நாய் தடுப்பூசி போட்டதாக இருக்கலாம். எனினும் உண்ணிகளையும் வேறு கிருமிகளையும் அது சுமந்து செல்லும், அதன் வாடையே மான்களையும் முயல்களையும் விரட்டும். எதிர்ப்புறத்தில், சிறுத்தைக்கு மிக எளிதில் கிடைக்கும் இரை நாய்தான். யானையையோ கரடியையோ கண்டு குரைத்துவிட்டு, அது துரத்தும்போது நம் காலடிக்கே ஓடி வரும் நாய் நம்மையும் ஆபத்தில் மாட்டிவிடும்.

காட்டை நாயில்லாத இன்னொரு நாளுக்கு ஒதுக்கி வைப்பதே சரி.

அப்படியானால் மலைப்பகுதியில் எங்கே நடப்பது?

ஊருக்குள்ளும் ஊரையொட்டியும் உள்ள பொதுச் சாலைகளில். சேலத்துக்காரர்களுக்கு ஏற்காடு நல்ல இடம். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், சில்வர் ஓக் மரங்களும் மிளகுக் கொடியும் நிறைந்த காப்பித் தோட்டங்களுக்கு இடையே செல்லும் சிறு சாலைகளில், வாரநாள் காலையில் வண்டிகள் அரிதாகவே வரும். தோட்டத்துக்குள் செல்வதற்கு உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும். பூச்சிமருந்து தெளித்திருக்கவும் கூடும் என்பதால் சாலையிலேயே நடப்பது பாதுகாப்பானது. வேலூர், வாணியம்பாடிப் பகுதியினருக்கு ஏலகிரி அருகில் இருக்கிறது. திண்டுக்கல், மதுரைப் பகுதியினர் கொடைக்கானலுக்குச் செல்வதானால், 1863இல் உருவாக்கப்பட்ட ஏரியைச் சுற்றி ஓடும் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் சாலை காலையில் மிக அழகானது. வாடகைக் குதிரைகள் வருவதற்கு முன்பே நடையை முடித்துவிட வேண்டும், ஏனெனில் குதிரையைப் புதிதாகக் காணும் நாய் அதன் பின்னங்காலருகே போய் நிற்கும்.

கொடைக்கானலிலும் குன்னூர், கோத்தகிரிப் பக்கங்களிலும் காட்டுமாடுகள் ஊருக்குள்ளேயே உலவுகின்றன. அமைதியாக மேய்வதாகத் தோன்றும் அந்த விலங்கு, நாயைக் கண்டால் சட்டென்று பாயக்கூடியது. கண்ணில் பட்டவுடன் திரும்பிவிடுங்கள். இருட்டுவதற்கு முன் நாய் வண்டிக்குள் இருக்க வேண்டும். சிறுத்தை நடமாட்டம் உள்ள மலையூர்களில் இந்த விதிக்கு விலக்கே கிடையாது.

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் செல்ல, சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கும் அங்கே தடை இருப்பதால், நாய்க்கான தண்ணீரை எவர்சில்வர் குடத்திலோ தூக்கிலோ கொண்டு செல்லுங்கள்.

கொண்டை ஊசி வளைவுகளில் நாய் வாந்தி எடுக்கிறது. என்ன செய்யலாம்?

ஏலகிரிக்கு 14 வளைவுகள், ஏற்காட்டுக்கு 20, கொல்லிமலைக்கு 70. வயிறு எளிதில் கலங்கும் நாயைக் கொல்லிமலைக்கு அழைத்துச் செல்லாதீர்கள் என்பதுதான் முதல் விடை. மற்ற மலைகளுக்குப் புறப்படும்போது மூன்று நான்கு மணி நேரத்துக்கு முன்பே சிறிதளவு உணவோடு நிறுத்திக்கொண்டு, வளைவுகள் தொடங்கும் அடிவாரத்தில் பத்து நிமிடம் நடக்க விட்டு, சாளரத்தைச் சிறிது திறந்து, மெதுவாக ஏறினாலே பல நாய்களுக்குச் சரியாகிவிடும். எச்சில் ஒழுகுவது, உதட்டை நக்குவது, ஓயாமல் கொட்டாவி விடுவது ஆகியவை வாந்திக்கு முந்தைய அறிகுறிகள். அதன் பிறகும் தொடர்ந்தால், வாந்தியைத் தடுக்கும் மாத்திரையைக் கால்நடை மருத்துவரிடம் எடையைச் சொல்லிப் பெற்றுக்கொள்ளலாம். மனிதர்களுக்கான மாத்திரையை நாமாகவே கொடுப்பது தவறு.

வண்டியில் நாயைப் பின் இருக்கையில், மார்புப்பட்டையோடு பிணைத்து அமர்த்த வேண்டும். கழுத்துப்பட்டையில் பிணைத்தால், திடீரென்று நிறுத்தும்போது கழுத்து நெரியும்.

எந்த மாதங்களில், எந்த நேரத்தில் செல்வது?

சமவெளியில் மார்கழி, தை, மாசி. மற்ற மாதங்களில் காலை ஐந்தரை முதல் எட்டரை வரை நடந்துவிட்டு, வெயில் தாழும் வரை நிழலிலும் காற்றோட்டத்திலும் இருந்து, மாலை ஐந்துக்குப் பின் மீண்டும் நடக்கலாம். சித்திரை, வைகாசியில் சமவெளிப் பயணமே வேண்டாம்.

இதில் நான் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் நாயின் உடலமைப்பு. பாதங்களைத் தவிர வேறெங்கும் அதற்கு வியர்ப்பதில்லை. மூச்சிரைத்துத்தான் உடலைக் குளிர்விக்க முடியும், காற்றில் ஈரம் மிகுந்த நம் கடலோர ஊர்களில் அந்த வழியும் சரியாகப் பயன் தருவதில்லை. நாயின் இயல்பான வெப்பநிலை 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். இரைப்பு நிற்காமல் இருத்தல், ஈறு கருஞ்சிவப்பாதல், எச்சில் கெட்டியாதல், தள்ளாடுதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைக் கண்டால், உடனே நிழலுக்குத் தூக்கிச் சென்று, கிடைக்கும் குளிர்ந்த தண்ணீரை உடல் முழுவதும் தொடர்ந்து ஊற்றி, விசிறி, அப்படியே மருத்துவரிடம் விரைய வேண்டும். ஈரத் துண்டால் போர்த்தி வைப்பது வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடும்.

நடக்கும் தரையைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஐந்து விநாடி வைத்திருக்க முடியாத தார்ச் சாலையும் கருங்கல் தளமும் நாயின் பாதத்தையும் சுடும்.

சாப்பிடும் நேரத்தில் மட்டும் நாயை வண்டியில் விட்டுச் செல்லலாமா?

வேண்டாம். வெளியே 24 டிகிரி இருக்கும் இதமான நாளிலேயே மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் 34 டிகிரியும் அரை மணியில் 43 டிகிரியும் எட்டிவிடும். நம் ஊரில் வெளியிலேயே 34 டிகிரி என்பது சாதாரணம். சாளரத்தை விரற்கடை அளவு திறந்து வைப்பதால் பெரிய மாற்றம் ஏற்படாது. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போவது, வெளியே இருக்கை போட்டிருக்கும் உணவகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு அமர்வது, முறை வைத்துச் சாப்பிடுவது என்று வழிகள் பல உள்ளன.

தெருநாய்கள் சூழ்ந்துகொண்டால் என்ன செய்வது?

நம் நாட்டில் நாயோடு நடப்பவருக்கு இதுவே மிகப் பெரிய சவால் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். தெருநாய் தன் எல்லையைக் காக்கிறது. நாம் அந்த எல்லையைவிட்டுப் போகிறோம் என்று அதற்குத் தெரிந்துவிட்டால் பெரும்பாலும் குரைத்துவிட்டு நின்றுவிடும். ஆகவே தொலைவில் ஒரு கூட்டத்தைக் கண்டதுமே பாதையை மாற்றிக்கொள்ள வேண்டும். நெருங்கிவிட்டால், ஓடாமல், வாரை இறுக்கி இழுக்காமல், நம் நாய்க்கும் அவற்றுக்கும் இடையே நம் உடல் இருக்கும்படி நின்று, கண்ணுக்குக் கண் பார்ப்பதைத் தவிர்த்து, பக்கவாட்டில் மெல்ல நகர வேண்டும். நம் பதற்றம் வார் வழியே நாய்க்குப் போய்விடும். வார் இறுகினால் அது தாக்கத் தயாராகும். கையில் ஒரு குடை இருந்தால் அதைச் சட்டென்று விரிப்பது நல்ல தடுப்பு. தடியோ கல்லோ வேண்டாம். அடிபட்ட நாய் அடுத்து வருபவரைக் கடிக்கும், மேலும் அந்த நாய்களுக்கும் அந்தத் தெருதான் வீடு. சிறிய நாயைத் தூக்கிக்கொள்ளலாம், அப்போது அதை நெஞ்சுக்கு மேல் அணைத்துத் திரும்பி நிற்க வேண்டும்.

பருவத்தில் இருக்கும் பெண் நாயை எந்தப் பயணத்துக்கும் அழைத்துச் செல்லக் கூடாது.

நம் நாய் கடிபட்டுவிட்டால், காயத்தை ஓடும் நீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, தடுப்பூசி முன்பே போட்டிருந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். நமக்குக் கீறல் பட்டாலும் அதே போலக் கழுவிவிட்டு, அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உடனே செல்ல வேண்டும். இதைத் தள்ளிப்போடுவது உயிருக்கு உலை வைக்கும்.

வெடிச் சத்தத்துக்கு நாய் மிரள்கிறது. பயணத்தில் இதைச் சமாளிக்க முடியுமா?

திருவிழா, திருமணம், அரசியல் கூட்டம், இறுதி ஊர்வலம் என்று எந்த நாளிலும் எந்தத் தெருவிலும் வெடி வெடிக்கும் நாட்டில் நாம் வாழ்கிறோம். மிரண்ட நாய் கழுத்துப்பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். எனவே நன்கு பொருந்தும் மார்புப்பட்டையும் அதோடு தனியே ஒரு கழுத்துப்பட்டையும் போட்டு, கழுத்துப்பட்டையில் கைபேசி எண் பொறித்த வில்லையை மாட்டுங்கள். தூரத்தில் பறை ஒலி கேட்டதுமே எதிர்த்திசையில் நடக்கத் தொடங்குவது நல்லது. நாயின் உடலில் மைக்ரோசிப் பொருத்தியிருந்தால், தொலைந்த பின் கண்டறிய அது துணைபுரியும்.

இரயிலிலோ பேருந்திலோ அழைத்துச் செல்ல முடியுமா?

இரயிலில் ஏசி முதல் வகுப்பில், இருவர் அறையையோ நால்வர் அறையையோ முழுவதுமாக நாமே எடுத்திருந்தால் நாயை உடன் வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் இரயில் காவலர் (கார்டு) இருக்கும் பெட்டியில் உள்ள கூண்டில்தான் அது பயணம் செய்ய வேண்டும். ஒரு நாள் பயணத்துக்கு இரண்டும் பொருந்தா. அரசுப் பேருந்தை நம்பித் திட்டமிட வேண்டாம். வாடகைக் கார் எடுப்போர், நாய் வருவதை முன்பே சொல்லி, இருக்கைக்கு விரிப்பும் கொண்டு செல்ல வேண்டும்.

உணவும் தண்ணீரும் எவ்வளவு?

ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 60 மில்லி தண்ணீர் என்பது வீட்டில் இருக்கும் நாளின் கணக்கு. 20 கிலோ நாய்க்கு அதுவே ஒரு லிட்டரைத் தாண்டும். நடக்கும் நாளில் இருமடங்கு கொண்டுபோங்கள். குளம், குட்டை, மழைநீர்த் தேக்கத்தில் குடிக்க விட்டால், எலிச் சிறுநீர் வழியே பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் வரக்கூடும். வீட்டில் பழகிய உணவையே கொடுங்கள். தாளிக்காத தயிர்ச் சோறு பல நாய்களுக்கு ஒத்துக்கொள்ளும். வெங்காயம் சேர்ந்த சாம்பார், திராட்சை, சாக்லேட், பிரியாணி எலும்பு ஆகியவை கூடவே கூடாது. வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும்.

எந்த நாய்களைப் பயணத்துக்கு அழைத்துச் செல்லக் கூடாது?

பக், புல்டாக், ஷிட்சு போன்ற முகம் தட்டையான இனங்களையும், ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு போன்ற அடர்முடி இனங்களையும் சமவெளியில் நீண்ட நடைக்கு அழைத்துச் செல்வது கொடுமைக்கு ஒப்பானது. தடுப்பூசிகள் முடியாத குட்டிகளையும் வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். ரேபீஸ் தடுப்பூசி மூன்று மாத வயதில் தொடங்கி, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தொடர வேண்டியது. அதன் சான்றையும், சென்னை மாநகராட்சி எல்லையில் வசிப்போர் அங்கே பெற வேண்டிய உரிமத்தின் நகலையும் வண்டியில் வைத்திருங்கள்.

நம் மண்ணின் நாய்கள் வெயிலைத் தாங்குவதில் சிறந்தவை. ஆனால் சிப்பிப்பாறையும் கன்னியும் வேட்டைக்கென்றே வளர்க்கப்பட்டவை. முயலையோ ஆட்டுக்குட்டியையோ கண்டால் எந்த அழைப்பும் அவற்றின் காதில் விழாது என்பதால், திறந்த வெளியிலும் வாரை விடக் கூடாது. 2005இல் அஞ்சல்தலையில் இடம்பெற்ற இராசபாளையம் நாய்க்கு வெள்ளை முடியும் இளஞ்சிவப்பு மூக்கும் இருப்பதால், உச்சி வெயில் அதன் தோலைப் புண்ணாக்கும்.

பாம்பு தீண்டிவிட்டால்?

கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன், நாகம், கட்டுவிரியன் ஆகிய நான்குக்கும் பொதுவான நஞ்சுமுறி மருந்து ஒன்றே. அதைக் கால்நடை மருத்துவர் நாய்க்கும் செலுத்துவார். கட்டுப்போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். நாயை நடக்க விடாமல் தூக்கிச் செல்லுங்கள். புறப்படும் முன்பே, செல்லும் ஊருக்கு அருகில் உள்ள அரசு கால்நடை மருத்துவமனை எது, அது எந்த நேரத்தில் திறந்திருக்கும் என்று விசாரித்து எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கடி பட்ட பிறகு தேடத் தொடங்கினால் நேரம் போதாது.

வீடு திரும்பிய பின் கவனிக்க வேண்டியவை யாவை?

முதலில் பாதங்கள். விரலிடுக்கில் நெருஞ்சி முள்ளும் சீமைக் கருவேல முள்ளின் நுனியும் தங்கியிருக்கும். பிறகு உண்ணி. காதின் உட்புறம், கழுத்துப்பட்டைக்கு அடியில், அக்குள், விரலிடுக்கு, வாலடி ஆகிய இடங்களை விரல் நுனியால் தடவித் தேட வேண்டும். கிடைத்த உண்ணியைச் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். மண்ணெண்ணெய் தடவுவதும் நெருப்பால் சுடுவதும் நோய்க்கிருமியை உள்ளே செலுத்திவிடும். பயணத்துக்கு முன்பே உண்ணித் தடுப்பு மருந்து கொடுத்திருந்தாலும் இந்தத் தேடலை விட்டுவிடக் கூடாது.

நம் வெப்பநாட்டுப் பழுப்பு உண்ணி பரப்பும் எர்லிக்கியா, பபேசியா ஆகிய காய்ச்சல்கள் ஓரிரு வாரம் கழித்தே வெளிப்படும். அதற்குள் பயணத்தை நாம் மறந்திருப்போம். நாய் சோற்றைத் தொடாமல் படுத்தே இருந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, ஈறு வெளுத்தாலோ, மூக்கில் இரத்தம் கசிந்தாலோ, சிறுநீர் காப்பி நிறமானாலோ, உடனே மருத்துவரிடம் அழைத்துச் சென்று, எந்த ஊருக்கு, எந்த நாளில் போய்வந்தீர்கள் என்பதையும் சொல்லி, இரத்தப் பரிசோதனை செய்யுமாறு கேளுங்கள். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் மருந்தால் குணமாகக்கூடிய நோய்கள் இவை.